பயந்த நாய் கெட்ட நாயா?



நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு அண்மையில் ஒரு மனு வந்தது. 11 குடும்பத்தார் கையெழுத்திட்டிருந்தார்கள். மக்தப் கட்டடத்துக்குப் பின்னால், ரேஷன் அரிசி மூட்டைகள் வைக்கும் அறையின் படிக்கட்டுக்கு அடியில் படுத்துக் கிடக்கும் செவலை நிறப் பெட்டை நாயை உடனே அகற்ற வேண்டும் என்பது கோரிக்கை. "வெறிபிடித்துக் கடிக்கும் நாய்" என்று எழுதியிருந்தார்கள். 9 வயதுப் பையன் ஒருவனை அது கெண்டைக்காலில் கடித்திருந்தது உண்மை. பையனுக்கு அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி போடப்பட்டது. நான்கு தவணையும் முடிந்து, அல்ஹம்துலில்லாஹ், நலமாக ஓதிக்கொண்டிருக்கிறான்.

இஷாவுக்குப் பிறகு கூடிப் பேசினோம். ஒருவர் சோற்றில் மருந்து கலந்து வைத்துவிடலாம் என்றார். இன்னொருவர் ஆட்டோவில் ஏற்றிக் கோட்டை மலைப்பக்கம் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்றார். ஊராட்சிக்கு எழுதிப் பிடித்துப் போகச் சொல்லலாம் என்றார் மூன்றாமவர். எவருக்கும் அந்த நாயைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. ஆகவே முடிவெடுக்காமல் இரண்டு வாரம் தவணை கேட்டோம். அந்த இரண்டு வாரத்தில் விசாரித்ததையும் படித்ததையும்தான் இங்கே எழுதுகிறோம். நம் வீடுகளில் பலருக்கு நாய் என்றாலே ஒரு ஒதுக்கம் உண்டு. அதனாலேயே நாயைப் பற்றி அறியாமலும் இருந்துவிடுகிறோம். தெருவில் நம் பிள்ளைகள் தினமும் எதிர்கொள்ளும் ஒரு பிராணியைப் பற்றி இவ்வளவு அறியாமை நல்லதல்ல.

நடந்தது என்ன?

மக்தபில் ஓதும் பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டோம். சேர்த்து வைத்துக் கேட்டால் ஒருவன் சொல்வதையே எல்லாரும் சொல்வார்கள். பந்து உருண்டு படிக்கட்டுக்கு அடியில் போயிருக்கிறது. உள்ளே நாய் சுவரோடு ஒட்டிப் படுத்திருந்திருக்கிறது. இரண்டு பேர் ஒரு பக்கம் குச்சியோடு நின்றார்கள். இரண்டு பேர் மறுபக்கம். நாய் உறுமியது. ஒருவன் குச்சியால் குத்தினான். உறுமல் நின்றுவிட்டது. "அடங்கிடுச்சு" என்று நினைத்து அந்தப் பையன் குனிந்து பந்தை எடுத்துக்கொண்டு திரும்பியபோது பின்னங்காலில் ஒரே கடி. கடித்துவிட்டு நாய் வெளியே பாய்ந்து ஓடிவிட்டது. அன்று இரவு வரை திரும்பவில்லை.

இந்த ஒரு நிகழ்ச்சிக்குள் பாடம் முழுவதும் இருக்கிறது. ஆளை விரட்டி வந்து கடிக்கும் நாய் வேறு. ஒதுங்க வழியில்லாமல், எச்சரித்தும் கேளாமல், முதுகு திரும்பிய நேரம் பார்த்துக் கடித்துவிட்டு ஓடும் நாய் வேறு. இரண்டாவது வகை அச்சத்தால் கடிப்பது. பயந்த நாய் நேருக்கு நேர் வராது. ஆள் திரும்பும்போதுதான் அதற்குத் துணிவு வரும். ஆகவேதான் இத்தகைய கடிகள் பெரும்பாலும் கெண்டைக்காலிலும் குதிகாலிலும் விழுகின்றன.

உறுமல் நின்றதைப் பிள்ளைகள் அடக்கம் என்று எண்ணியது பெரியவர்களும் செய்யும் தவறு. நாய் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நாக்கால் மூக்கை நக்கும். தூக்கமில்லாமலே கொட்டாவி விடும். காதுகள் பின்னால் மடங்கும். வால் தொடைகளுக்கிடையே போகும். கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரியும். உடம்பைத் தரையோடு தாழ்த்திப் பின்பக்கமாகச் சாயும். இவையெல்லாம் "என்னை விட்டுவிடு" என்று அது சொல்வது. யாரும் கேட்கவில்லையென்றால் அசையாமல் விறைத்துப்போகும். பிறகு உறுமும், பல்லைக் காட்டும், காற்றில் ஒரு கவ்வு கவ்வும். கடைசியில்தான் கடி. உறுமியதற்காக அடிவாங்கிப் பழகிய நாய் உறுமலை விட்டுவிடும், பயத்தை விடாது. அடுத்த முறை முன்னறிவிப்பில்லாமல் கடிக்கும். உறுமும் நாயை அடிக்காதீர்கள் என்று அறிந்தவர்கள் சொல்வதன் காரணம் இரக்கம் மட்டுமல்ல, நம் பிள்ளைகளின் காலும்தான்.

வரலாற்றாசிரியர் அல்-வாகிதி பதிவு செய்துள்ள ஒரு செய்தி இங்கே நினைவுக்கு வருகிறது. மக்கா வெற்றிக்காகப் பெரும்படை சென்றுகொண்டிருந்த வழியில், குட்டிகளோடு கிடந்த ஒரு தாய் நாய் உறுமிக்கொண்டிருந்ததை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். படை கடந்து போகும் வரை அதையும் குட்டிகளையும் யாரும் தொந்தரவு செய்யாதபடி ஒரு தோழரைக் காவலுக்கு நிறுத்தினார்கள் என்கிறது அந்தச் செய்தி. உறுமியது என்பதற்காக அதைக் கொல்லச் சொல்லவில்லை. ஏன் உறுமுகிறது என்று பார்த்தார்கள். சிறுவயதில் மதரஸாவில் உஸ்தாத் இதைச் சொன்னபோது கதையாகக் கேட்டுக்கொண்டோம். இப்போதுதான் அதன் பொருள் விளங்குகிறது.

கூச்சம் எங்கிருந்து வருகிறது?

சில நாய்கள் ஆளைக் கண்டதும் வாலாட்டி வருகின்றன. சில பத்தடி தூரத்திலேயே நின்றுவிடுகின்றன. அடிபட்டதால்தான் பயப்படுகிறது என்று பொதுவாகச் சொல்வோம். அது பாதிதான் உண்மை.

1961-ல் அமெரிக்காவில் ஃப்ரீட்மன், கிங், எலியட் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நாய்க்குட்டிகளை மனிதத் தொடர்பே இல்லாமல் வேலியிட்ட வயலில் வளரவிட்டு, வெவ்வேறு வயதில் சில குட்டிகளை மட்டும் ஒரு வாரம் மனிதரோடு பழகவிட்டார்கள். பிறந்து 14 வாரம் வரை மனிதக் கையே படாத குட்டிகள் பிறகு காட்டு விலங்கைப் போலவே இருந்தன. அவற்றை யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. மனிதரைக் காணவேண்டிய வயதில் காணவில்லை, அவ்வளவே. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம் வரை உள்ள காலமே நாயின் மனம் திறந்திருக்கும் காலம் என்று இன்றைக்கும் கொள்ளப்படுகிறது. தெருவோரக் கால்வாயில் பிறந்து, அந்த மூன்று மாதமும் கல்லடியும் விரட்டலும் மட்டுமே கண்ட குட்டி எப்படி வளரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறவிக்கூறும் உண்டு. நம் தென்மாவட்டத்துக் கன்னி நாயைப் பாருங்கள். முயல் வேட்டைக்குப் பெயர்பெற்றது. வேகத்தில் அதற்கு ஈடில்லை. ஆனால் அந்நியரிடம் கூச்சம் அதிகம். அதே மண்ணின் ராஜபாளையம், கோம்பை நாய்கள் அப்படி அல்ல. சோவியத் நாட்டில் பெல்யாயெவ் என்ற அறிவியலாளர் 1959-ல் தொடங்கிய நரி ஆய்வில், மனிதரைக் கண்டு அஞ்சாத நரிகளை மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்தபோது, சில பத்தாண்டுகளிலேயே வாலாட்டி வரும் நரிகள் பிறந்தன. ஆக, பயம் என்பது ஓரளவு இரத்தத்தில் வருவது, ஓரளவு வளர்ப்பில் வருவது, ஓரளவு பட்ட அனுபவத்தில் வருவது.

நம் நாட்டுத் தெரு நாய்களைப் பற்றியே நல்ல ஆய்வு நடக்கிறது. கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையத்தில் பேராசிரியர் அனிந்திதா பத்ராவின் குழுவினர் பல ஆண்டுகளாகத் தெருவிலேயே நின்று நாய்களைக் கவனித்து வருகிறார்கள். எந்தப் பாத்திரத்தில் உணவு இருக்கிறது என்று கையால் சுட்டிக் காட்டினால் தெரு நாய் புரிந்துகொள்ளுமா என்று 2020-ல் வெளியிட்ட ஆய்வில் பார்த்தார்கள். பழக்கப்படாத நாய்களில் ஏறத்தாழ பாதி அருகிலேயே வரவில்லை. அவை பதற்றப்பட்டவை. வந்தவற்றுள் ஐந்தில் நான்கு பங்கு, கை காட்டிய திசையைச் சரியாகப் பின்பற்றின. பயிற்சி எதுவும் இல்லாத தெரு நாய்கள்! வராத பாதி முட்டாளும் அல்ல, முரடும் அல்ல. அவற்றுக்கு மனிதரோடு ஏற்பட்ட அனுபவம் வேறாக இருந்திருக்கலாம் என்பதே அவர்கள் கருத்து. அதே குழுவின் முந்தைய ஆய்வொன்றின்படி, தெருவில் பிறக்கும் குட்டிகளில் ஐந்தில் ஒன்றுதான் ஏழு மாதத்தைத் தாண்டுகிறது. இறப்புகளில் பாதிக்கு மேல் மனிதரால் நேர்பவை. இதைப் படித்தபோது எங்களுக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

காப்பகத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள்?

"ஊராட்சிக்கு எழுதினால் பிடித்துப் போய்க் காப்பகத்தில் விடுவார்கள், அங்கே அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்றார் மூன்றாமவர். நியாயமான பேச்சுதான். அங்கே எப்படிப் பார்ப்பார்கள் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டாமா?

வெளிநாட்டுக் காப்பகங்களில் நாயின் குணத்தைச் சோதிப்பதற்கென்று முறைகள் வகுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் எமிலி வைஸ் என்பவர் வகுத்த முறை ஒன்று, சூ ஸ்டெர்ன்பெர்க் என்பவர் வகுத்தது இன்னொன்று. நாயின் முகத்தைச் சிறிது நேரம் நேராகப் பார்ப்பது, உடம்பெங்கும் தடவுவது, கால் விரலிடையை மெல்ல அழுத்துவது, ஓடிப்பிடித்து விளையாடுவது, பொம்மையைக் கொடுத்து வாங்குவது, வேறொரு நாயைக் காட்டுவது என்று வரிசையாகச் செய்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள். பெயர்பெற்ற சோதனை உணவுச் சோதனை. நாய் தின்றுகொண்டிருக்கும்போது, கம்பின் முனையில் கட்டிய பிளாஸ்டிக் கையால் அதன் தட்டை இழுப்பார்கள். உறுமினாலோ கையைக் கவ்வினாலோ மதிப்பெண் போயிற்று. பல இடங்களில் அந்த ஒரு சோதனையே நாயின் உயிரைத் தீர்மானித்தது.

இந்தச் சோதனைகள் எவ்வளவு நம்பத்தக்கவை? 2013-ல் ஏமி மார்டர் என்ற கால்நடை மருத்துவரின் குழுவினர், காப்பகத்தில் உணவுச் சோதனை செய்யப்பட்ட நாய்கள் வீட்டுக்குப் போன பிறகு எப்படி நடந்தன என்று வளர்த்தவர்களிடமே கேட்டார்கள். காப்பகத்தில் உறுமியவற்றில் பாதிக்குச் சற்று மேற்பட்டவைதான் வீட்டிலும் உறுமின. காப்பகத்தில் சாதுவாக இருந்தவற்றிலும் ஐந்தில் ஒன்று வீட்டில் உறுமியது. 2016-ல் கேரி பேட்ரோனெக், ஜேனிஸ் பிராட்லி இருவரும் எழுதிய கட்டுரையில், இத்தகைய சோதனைகளை நாணயம் சுண்டிப் பார்ப்பதோடு தலைப்பிலேயே ஒப்பிட்டார்கள்.

அவர்கள் சொன்ன கணக்கு எளியது. நாமே ஒரு எடுத்துக்காட்டுப் போட்டுப் பார்க்கலாம். 100 நாய்களில் உண்மையாகவே ஆபத்தானவை 10 என்று வைத்துக்கொள்வோம். சோதனை நல்ல சோதனைதான்; ஆபத்தான 10-ல் 8-ஐக் கண்டுபிடித்துவிடுகிறது. சாதுவான நாய்களில் ஐந்தில் ஒன்றை மட்டும் தவறாக ஆபத்தானது என்கிறது. சாதுவானவை 90, அதில் ஐந்தில் ஒன்று 18. ஆக "ஆபத்தானவை" என்று முத்திரை குத்தப்பட்டவை 26. அவற்றில் உண்மையில் ஆபத்தானவை 8 மட்டுமே. மீதி 18-ம் அநியாயமாக முத்திரை வாங்கியவை. அதே நேரம் ஆபத்தான 2 நாய்கள் நற்சான்றோடு வெளியே போகின்றன. கல்லூரியில் புள்ளியியல் படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதை விளக்கச் சொல்லுங்கள். நோய்க்கான இரத்தப் பரிசோதனைகளுக்கும் இதே கணக்கு பொருந்தும்.

பயந்த நாய்தான் இந்தச் சோதனையில் அதிகம் அடிபடுகிறது. தெருவில் சுருக்கு மாட்டிப் பிடித்து, வண்டியில் ஏற்றி, நூறு நாய் குரைக்கும் கூண்டில் அடைத்து, மறுநாளே முன்பின் அறியாத ஆள் கண்ணுக்கு நேராகப் பார்த்தால் அது என்ன செய்யும்? மூலையில் ஒடுங்கும், அல்லது பல்லைக் காட்டும். அது அந்த நாயின் குணம் அல்ல, அந்த நாளின் நிலை. ஆகவே இப்போது நல்ல காப்பகங்கள் முறையை மாற்றிக்கொண்டுள்ளன. நாய் வந்ததும் சில நாள் சும்மா விடுகிறார்கள். ஒரே ஆள் ஒரே நேரத்தில் உணவு வைக்கிறார். கூண்டின் பாதியைத் துணியால் மறைத்து ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கிறார்கள். ஒரு நாள் தேர்வுக்குப் பதில், கூட்டிப் பெருக்குபவர், நடத்திச் செல்பவர், மருத்துவர் எல்லாரும் நாள்தோறும் கண்டதைக் குறித்துவைத்துச் சேர்த்துப் பார்க்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கொண்டுவந்தவர் சொல்லும் வரலாற்றைக் கேட்கிறார்கள்: எங்கே, எப்போது, யாரை, எந்த நிலையில் கடித்தது?

இங்கேதான் நம் மனு இடிக்கிறது. "வெறிபிடித்துக் கடிக்கும் நாய்" என்று நாம் எழுதியனுப்பினால், அந்தத் தாள்தான் அதன் வரலாறு.

சட்டம்

2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இட்ட ஆணைப்படி, தெரு நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். ரேபிஸ் கண்டவை, கண்டதாக ஐயப்படுபவை, மூர்க்கமாக நடப்பவை ஆகியவற்றை மட்டும் திரும்ப விடக்கூடாது. கண்ட இடத்தில் உணவு வைக்காமல் அதற்கென ஒதுக்கிய இடத்தில்தான் வைக்க வேண்டும். அதே ஆண்டு நவம்பர் 7-ல் இன்னோர் ஆணை வந்தது. கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள், விளையாட்டு வளாகங்கள் ஆகியவற்றுக்கு வேலியிட்டு, உள்ளே இருக்கும் நாய்களை அகற்ற வேண்டும். அவற்றை அங்கேயே திரும்ப விடக்கூடாது என்றது. நமது மக்தப் சிறியதுதான். ஆனாலும் பிள்ளைகள் ஓதும் இடம். வேலி போட வேண்டியது நம் பொறுப்பு என்றே எடுத்துக்கொண்டோம். அதை இத்தனை நாள் செய்யாதது எங்கள் குறை.

சோற்றில் மருந்து வைப்பது பற்றி: பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவின்படி விலங்கைக் கொல்வதும் நஞ்சிடுவதும் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். மார்க்கமும் அதற்கு இடம் தராது. கோட்டை மலையில் கொண்டுபோய் விடுவதும் 2023-ஆம் ஆண்டு விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு முரணானது. பயந்த நாயை அறியாத இடத்தில் விட்டால் அங்கே அது அதிகம் பயந்து அதிகம் கடிக்கும். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. நம் ஊர்த் தொல்லையை அங்கே வரும் விருந்தாளிகளின் காலடியில் விடுவது என்ன நியாயம்? இங்கே காலியான இடத்துக்கு, தடுப்பூசி போடாத வேறொரு நாய் வரும், அவ்வளவுதான்.

மார்க்க நிலை

நாயை வெறுப்பது தீனில் ஒரு பகுதி என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. நாயின் எச்சில் நஜீஸ். அது நக்கிய பாத்திரத்தை ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு தடவை மண்ணோடு சேர்த்து ஏழு தடவை கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் மூன்று கட்டாயம், ஏழு விரும்பத்தக்கது. ஹனஃபி மத்ஹபின் ஏற்கப்பட்ட கருத்தில் நாயின் உடம்பு பன்றியைப் போலத் தன்னளவில் நஜீஸ் அல்ல. உலர்ந்த நாய் உரசியதால் துணி அசுத்தமாகாது. எந்த மத்ஹபிலும் நாயைத் தொட்டால் ஒளு முறியாது. காவலுக்கும் வேட்டைக்கும் ஆடு மாடு, பயிர் பாதுகாப்புக்கும் நாய் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அவசியமில்லாமல் வீட்டுக்குள் வளர்ப்பதை நபிமொழிகள் தடுக்கின்றன. நன்மையில் குறையும் என்று எச்சரிக்கின்றன. மேல்விவரம் நம் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் வீட்டுக்குள் வளர்க்காதே என்பது வேறு, வதை செய் என்பது வேறு. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்தவருக்கு அல்லாஹ் பாவம் மன்னித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. குகைத்தோழர்களின் நாயை அல்-கஹ்ஃப் அத்தியாயம் வாசலில் கால் நீட்டிக் கிடப்பதாக நினைவுகூர்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஓதுகிறோம். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் பள்ளிவாசலுக்குள் நாய்கள் வந்துபோகும் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதும் புகாரியில் உள்ளது.

வயலில் காவலுக்கு வைத்திருப்பவர்களுக்கு

கடலைக் கொல்லையிலும் ஆட்டுப்பட்டியிலும் காவலுக்கு நாய் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மில் சில உண்டு. கூச்சமுள்ள நாய் வந்து வாய்த்தால் என்ன செய்வது? அவசரப்படாமல் இருப்பதுதான் முதல் வேலை. முதல் மூன்று நாள் அது தின்னாமலும் ஒளிந்தும் கிடக்கலாம். மூன்று வாரத்தில் வழக்கம் பிடிபடும். மூன்று மாதத்தில்தான் இது தன் இடம் என்று நம்பும் என்று அனுபவசாலிகள் கணக்குச் சொல்வார்கள்.

ஒளிந்திருக்கும் இடத்திலிருந்து இழுத்து வெளியே எடுக்காதீர்கள். மோட்டார் கொட்டகையில் ஒரு மூலையை அதற்கு விட்டுவிடுங்கள். நேராக நடந்துபோகாமல் பக்கவாட்டில் போய், சற்றுத் தள்ளிக் குந்தி உட்காருங்கள். கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டாம். தலைக்கு மேல் கை கொண்டுபோக வேண்டாம். அடிக்கவரும் கை அப்படித்தான் வரும். உணவைக் கையில் நீட்டி ஆசைகாட்டினால் வயிறு முன்னால் இழுக்கும், பயம் பின்னால் இழுக்கும். அந்த இழுபறியில் கடி விழலாம். அதற்குப் பதில் நாய்க்குப் பின்பக்கம் விழும்படி ஒரு துண்டை எறியுங்கள். தின்றுவிட்டுத் தானாகத் திரும்பி வரும். வருவதும் போவதும் அதன் விருப்பம் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். தீபாவளி வெடிக்கும் கல்யாண வெடிக்கும் கயிறறுத்து ஓடிக் காணாமல் போகும் நாய்கள் பெரும்பாலும் இத்தகையவையே. அந்நாட்களில் கொட்டகைக்குள் அடைத்து வையுங்கள். ஆண்டுதோறும் தடுப்பூசி கட்டாயம்.

பிள்ளைகளுக்கு

வீட்டில் இதை இரண்டு மூன்று முறை நடித்தே காட்டுங்கள். சொன்னால் மறந்துவிடுவார்கள். நாய் வந்தால் ஓடாதே. மரம் போல நில், கையைக் கட்டிக்கொள், அதன் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு படுத்துக் கழுத்தையும் காதையும் கையால் மூடு. தூங்கும் நாய், தின்னும் நாய், குட்டி போட்ட நாய், ஒளிந்திருக்கும் நாய் பக்கம் போகாதே. பந்து உள்ளே போனால் பெரியவரைக் கூப்பிடு.

கடித்துவிட்டால் நாய் பயந்ததா, மூர்க்கமா, வளர்ப்பா, தெருவா என்ற ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். ரேபிஸ் வந்துவிட்டால் அநேகமாக மரணம்தான். நம் நாட்டில் ஆண்டுக்கு 5,700 பேருக்கு மேல் இதனால் இறப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அண்மைய மதிப்பீடு சொல்கிறது. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். ஓதிப் பார்ப்பது தவறில்லை, ஆனால் ஊசி போட்டுக்கொண்ட பிறகு ஓதலாம். ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் தவணை. இரத்தம் கசிந்த காயமென்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் போட வேண்டும், கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். வலி குறைந்துவிட்டதென்று மூன்றாவது தவணையோடு நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். அது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்வார்கள். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

எங்கள் படிக்கட்டு நாய் பத்து நாள் தாண்டியும் நலமாகவே இருந்தது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்த நாய் ஏன் அங்கே வந்து சேர்ந்தது என்று தேடியபோது காரணம் நாங்களே. வியாழன் இரவு கூட்டத்தில் மிஞ்சும் சோற்றையும் எலும்பையும் பின்படியில் கொட்டுவது வழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் ஓதும் இடத்தின் வாசலில் நாயை நாங்களே சோறு வைத்து வரவழைத்துவிட்டு, அதன் மீது மனு வாங்கியிருக்கிறோம். நிக்காஹ் விருந்து முடிந்து இலையோடு எலும்பைத் தெருமுனையில் கொட்டுவதும், குர்பானி நாளில் குடல் கழிவை ஏரிக்கரையில் எறிவதும் இதே கணக்கில்தான் சேரும்.

ஆகவே சென்ற ஜும்ஆவுக்குப் பிறகு மனுக் கொடுத்தவர்களையும் வைத்துக்கொண்டு முடிவு செய்தது இது. மக்தபின் பின்புறம் கம்பி வேலியும் கதவும் போடும் வேலை தொடங்கிவிட்டது. படிக்கட்டின் அடிப்பகுதி அடைக்கப்படும். மீந்த உணவு இனி குழிவெட்டிப் புதைக்கப்படும், அல்லது ஊராட்சி காட்டும் இடத்தில் மட்டும், காலை ஓதல் முடிந்த பிறகு வைக்கப்படும். கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் ஊராட்சி அலுவலகத்திலும் கால்நடை மருந்தகத்திலும் மனுக் கொடுத்துள்ளோம். அந்த மனுவில் "வெறிபிடித்த" என்ற சொல்லை அடித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினோம்: ஒளிந்திருந்த நாயை இருபுறமும் மறித்துக் குச்சியால் குத்தியபோது, உறுமி எச்சரித்த பின், ஒருமுறை கடித்தது, அதற்கு முன்னும் பின்னும் யாரையும் கடித்ததாகத் தெரியவில்லை. காப்பகத்துக்குக் கொண்டுபோவதென்று அதிகாரிகள் முடிவு செய்தால் நாம் தடுக்கப்போவதில்லை. ஆனால் அந்தத் தாள் அதோடு போகும்.

கடிபட்ட பையனின் அத்தாவும் அதில் கையெழுத்திட்டார். முதலில் மறுத்தார், மகன்தான் குச்சி வைத்திருந்தவர்கள் யார் யார் என்று மறுபடி ஒருமுறை சொன்னான்.

வேலிக்கு இன்னும் 40 அடி கம்பி வலை தேவைப்படுகிறது. உதவ விரும்புவோர் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அலுவலகத்தில் தெரிவிக்கலாம்.